ஒண்ணுமில்லேன்னு சொல்லாதீங்க!

நம் ஊர் டாக்டர்கள் ஒரு நாளில் அதிக தடவை சொல்கிற வார்த்தை எது என்று யாராவது கணக்கெடுத்தால், 'ஒண்ணுமில்லை'தான் முதல் பரிசு வாங்கும். 'எல்லா டெஸ்ட்டும் பார்த்தாச்சு. ஒண்ணுமில்லை. டென்ஷன்தான். போய் நிம்மதியா தூங்குங்க.' ஸ்கேன் படத்தைப் பெரிய கவரில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் இந்த 'ஒண்ணுமில்லை' ஆளையே காலி பண்ணக்கூடிய சொல் என்பது என் கட்சி. மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். கணக்கோடு வருகிறேன்.

முதலில் ஆளைப் பார்ப்போம். முப்பது வயசு. பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் வேலை. ராத்திரி ஷிஃப்ட், அதற்காக ஆறு காபி. ஒரு நாள் கட்டிலில் படுத்திருக்கும்போது கெண்டைக்காலில், தோலுக்கடியில் புழு நெளிகிற மாதிரி ஒரு துடிப்பு. வலி இல்லை. ரெண்டு நிமிஷத்தில் நின்றுவிட்டது. மறுநாள் தொடையில். அடுத்த நாள் கண் இமையில். செல்போனை எடுத்து 'தசை துடிப்பு காரணம்' என்று தட்டினான். பத்தாவது வரியில் ஒரு பெயர் வந்தது. ஏ.எல்.எஸ். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்த வியாதி.

அவ்வளவுதான். அன்றையிலிருந்து அவன் தூங்கவில்லை.

மாடிப்படியில் நுனிக்காலில் நின்று பார்க்கிறான். தையல்காரர் டேப்பால் ரெண்டு கெண்டைக்காலையும் அளந்து, அரை சென்டிமீட்டர் வித்தியாசத்துக்கு அழுகிறான். கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டி, அது நடுங்குகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறான். (நீட்டிய நாக்கு யாருக்கும் நடுங்கும்.) ஒரு நாளைக்கு நாற்பது தடவை கையை இறுக்கி மூடி பலம் பார்க்கிறான். நாற்பது தடவை இறுக்கிய கை வலிக்கிறது, துடிக்கிறது. 'பார்த்தியா, கைக்கும் வந்துடுச்சு!'

இவன் ஒருத்தன் இல்லை. ஐ.டி. கம்பெனியில், பேங்க்கில், காலேஜ் ஹாஸ்டலில் இவனைப் போல நிறைய பேர் இருக்கிறார்கள். மெடிக்கல் காலேஜிலும் இருக்கிறார்கள். தசை துடித்ததும் இந்த வியாதிதான் என்று நடுங்குகிறவர்களில் டாக்டர்களே கணிசம். இதற்கென்றே ஆஸ்திரேலிய நரம்பியல் நிபுணர்கள் 2013ல் ஒரு பெயர் சூட்டி, மருத்துவர்களுக்கு வரும் துடிப்புப் பயம் என்று கட்டுரை எழுதினார்கள். ஆகவே 'படிக்காதவன் பயப்படுறான்' என்ற பேச்சை இங்கேயே விட்டுவிடலாம்.

இந்தத் துடிப்பு என்னதான்? தண்டுவடத்திலிருந்து கிளம்பும் ஒரு நரம்பு தசைக்குள் போய், பல கிளையாகப் பிரிந்து, நூற்றுக்கணக்கான தசைநார்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மூளை உத்தரவு போட்டால் அவை சுருங்க வேண்டும். சில சமயம் உத்தரவில்லாமலே அந்த நரம்பு தானாக ஒரு சின்ன மின்வெட்டு விடுகிறது. அந்த ஒரு கொத்து மட்டும் சுருங்குகிறது. காபி, தூக்கமின்மை, கடும் உடற்பயிற்சி, ஆஸ்துமா மருந்துகள் சில, தைராய்டு கோளாறு, உடம்பில் கால்சியமோ மக்னீசியமோ குறைவது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பதற்றம் - இவை போதும், அது அடிக்கடி நடக்க.

அமெரிக்காவில் 1963ல் ஆரோக்கியமானவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். நூற்றுக்கு எழுபது பேர், எனக்கும் துடிக்கும் என்றார்கள். மேயோ கிளினிக் மருத்துவர்கள், துடிப்பு மட்டும் இருந்து வேறு கோளாறு எதுவும் இல்லாத 121 பேரைத் தொடர்ந்து கவனித்து 1993ல் எழுதினார்கள். சிலரை ரெண்டு வருஷம், சிலரை முப்பத்திரண்டு வருஷம் வரை. ஒருவருக்குக்கூட ஏ.எல்.எஸ். வரவில்லை. அந்த வியாதியோ, மேலைநாட்டுக் கணக்குப்படி லட்சம் பேரில் வருஷத்துக்கு சுமார் ரெண்டு பேருக்குப் புதிதாக வருவது. ஒரு லட்சம் பேரில் எழுபதாயிரம் பேருக்குத் துடிக்கிறது. ரெண்டு பேருக்கு வியாதி. தேடுபொறி இந்த ரெண்டையும் ஒரே பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில் காட்டுகிறது. எது அபூர்வம், எது சகஜம் என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை. பயந்தவன் எதைத் தட்டுவான் என்று மட்டும் தெரிகிறது.

உடம்பு துடிப்பதைப் பார்த்து எதிர்காலம் கணிப்பது நமக்குப் புதுசு இல்லை. சிலப்பதிகாரத்தில் இந்திர விழா நாளில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடிக்கின்றன. அசோகவனத்தில் சீதை தன் இடப்பக்கம் துடிப்பதைத் திரிசடையிடம் சொல்கிறாள். நல்ல செய்தி வரப்போகிறது என்று அர்த்தம். இன்றைக்கும் பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில், பல்லி விழும் பலனுக்குப் பக்கத்தில், எந்த அங்கம் துடித்தால் என்ன பலன் என்று பட்டியல் இருக்கிறது. அது மூடநம்பிக்கைதான், சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்தப் பட்டியலில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. தனலாபம் உண்டு, உறவினர் வருகை உண்டு. செல்போன் பஞ்சாங்கத்தில் ஒரே பலன்தான் - சாவு. பகுத்தறிவு வளர்ந்து நாம் வந்து சேர்ந்த இடம் இது!

பஞ்சாங்கத்துக்கும் செல்போனுக்கும் நடுவில் இன்னொரு வியாபாரம் இருந்தது. இருக்கிறது. 'நரம்புத் தளர்ச்சி' என்ற நாலு எழுத்து வியாதி - சரி, கொஞ்சம் அதிக எழுத்து - தமிழ்நாட்டு ஆண்களில் மூன்று தலைமுறையை மிரட்டிச் சம்பாதித்திருக்கிறது. முதல் வாரம் ஒரு ஊர், ரெண்டாம் வாரம் இன்னொரு ஊர் என்று பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் வைத்தியர்களை நமக்குத் தெரியும். கை நடுங்குகிறதா, தொடை துடிக்கிறதா, எல்லாம் இளமையில் செய்த தவறு என்பார்கள். பாவமன்னிப்பு லேகியம் பாட்டிலில் வரும். நான் சித்த மருத்துவத்தைச் சொல்லவில்லை. அதன் பெயரைச் சொல்லிப் பிழைக்கிறவர்களைச் சொல்கிறேன்.

இந்த நரம்புத் தளர்ச்சியின் பூர்வீகம் பழைய ஓலைச்சுவடி இல்லை. 1869ல் ஜார்ஜ் பியர்ட் என்ற அமெரிக்க டாக்டர் 'நியூராஸ்தீனியா' என்று பிரபலப்படுத்திய சரக்கு. அமெரிக்க மனநலக் கையேட்டில் 1980லேயே அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். (அதே 1869ல்தான் பாரிஸில் ஷார்கோ என்ற மேதை, ஏ.எல்.எஸ். என்று இன்று நாம் சொல்லும் நிஜ வியாதியை விவரித்தார். நிஜமும் போலியும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள்.) அங்கே தூக்கிப் போட்டது இங்கே நடுராத்திரி டி.வி.யில் ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தனைக்கும் 1954லேயே நம் நாட்டில் ஒரு சட்டம் போட்டார்கள். எந்தெந்த வியாதிக்கு மருந்து இருப்பதாக விளம்பரம் செய்யக்கூடாது என்று ஒரு பட்டியலே அதில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் நரம்புத் தளர்ச்சியும் இருக்கிறது. முதல் தடவை மீறினால் ஆறு மாதம் வரை ஜெயில். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ரிமோட்டை அழுத்தும் ஒவ்வொரு ராத்திரியும் அந்தச் சட்டம் நம் கண் முன்னால் மீறப்படுகிறது.

லாட்ஜ் வைத்தியரைத் திட்டுவது சுலபம். ஏ.சி. போட்ட வைத்தியத்துக்கு வருவோம்.

நம் பையன் டாக்டரிடம் போகிறான். 'எதுக்கும் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துடுவோமே' என்கிறார். 'எதுக்கும்' என்ற இந்த வார்த்தையைக் கவனியுங்கள். காரணம் இல்லாத டெஸ்ட்டுக்குத் தமிழில் வைத்த பெயர் 'எதுக்கும்'. படம் வருகிறது. ஏ.எல்.எஸ். இல்லை. ஆனால் முதுகில் ஒரு டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது. இப்போது பையனுக்கு ரெண்டு பயம். உண்மை என்னவென்றால், முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015ல் வெளியான ஆய்வில், இருபது வயசுக்காரர்களிலேயே நூற்றுக்கு முப்பது பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. எண்பது வயசில் நூற்றுக்கு எண்பத்துநான்கு பேருக்கு. நரை மாதிரி அது. ஆனால் ரிப்போர்ட்டில் யாரும் 'நரை' என்று எழுதுவதில்லையே.

பணம் போனால் போகட்டும், நிம்மதி வந்ததே என்பீர்கள். வராது. இங்கேதான் விஷயமே இருக்கிறது. பயம் பிடித்தவனுக்கு நார்மல் ரிப்போர்ட் என்பது தாகத்துக்குக் கடல் தண்ணீர். மூன்று நாள் சந்தோஷமாக இருப்பான். நாலாவது நாள், 'டெஸ்ட் சீக்கிரமா எடுத்துட்டேனோ? அப்போ ஆரம்பிக்காம இருந்திருக்குமோ?' என்று தொடங்கும். அடுத்த டாக்டர். அடுத்த டெஸ்ட். இப்போது கேள்வி கேட்டால் பதில் சொல்கிற மென்பொருள்கள் வேறு வந்துவிட்டன. ராத்திரி ரெண்டு மணிக்கு நாற்பது தடவை அதே கேள்வியைக் கேட்டாலும் நாற்பது தடவை பொறுமையாகப் பதில் சொல்கின்றன. மனைவி சலித்துக்கொள்ளும் இடத்தில் மெஷின் சலிப்பதில்லை. இந்த வியாதிக்கு அதைவிடத் தீனி வேறில்லை.

ஆமாம், வியாதி என்றுதான் சொல்கிறேன். பெரிய நோய் இருக்கிறதோ என்ற ஓயாத பயம், தானே ஒரு நோய். ஹைப்போகாண்ட்ரியா என்று ஆயிரக்கணக்கான வருஷமாகப் பெயர் இருக்கிறது. 2013ல் அமெரிக்கக் கையேடு அந்தக் கேலி படிந்த பெயரை மாற்றி, நோய் குறித்த பதற்றம் என்ற பொருளில் புதுப் பெயர் வைத்தது.

இப்போது நான் சொன்ன கணக்கு. ஸ்வீடனில் இந்தப் பயநோய் இருப்பதாக டாக்டர்களே பதிவு செய்த நாலாயிரத்துச் சொச்சம் பேரை, அவர்களைப் போன்ற மற்றவர்களோடு ஒப்பிட்டு 2023 டிசம்பரில் ஒரு ஆய்வு வெளிவந்தது. பயநோய் இருந்தவர்கள் சராசரியாக ஐந்து வருஷம் முன்னதாக இறந்திருக்கிறார்கள். தற்கொலை, மற்றவர்களைவிட நான்கு மடங்கு. 'ஒண்ணுமில்லை' என்று அனுப்பப்பட்டவர்கள் இவர்கள்! (படிக்கிறவர்களில் பயந்த சுபாவக்காரர்கள் இதை வைத்துப் புதுசாக ஒரு பயத்தை ஆரம்பிக்க வேண்டாம். இது முற்றிப்போய் ஆஸ்பத்திரிப் பதிவு வரை வந்தவர்களின் கணக்கு. அந்தச் சாவுகளில் பெரும்பாலானவை தடுத்திருக்கக்கூடியவை என்றும் அதே ஆய்வு சொல்கிறது.)

தடுப்பது எப்படி? மாய மந்திரம் இல்லை. பேச்சு சிகிச்சை. துடிப்பு வரும்போது மனம் எங்கே ஓடுகிறது என்று கவனிக்கவும், டேப்பையும் டார்ச்சையும் கீழே வைக்கவும், தேடாமல் ஒரு ராத்திரியைத் தாண்டவும் படிப்படியாகப் பழக்குவது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிக்கு வரும் 444 பேரை வைத்து இதைச் சோதித்து லான்செட் இதழில் எழுதினார்கள். பலன் தெரிந்தது. சிகிச்சை கொடுத்தவர்களில் பயிற்சி பெற்ற நர்ஸ்களும் இருந்தார்கள். பெரிய மெஷினோ பெரிய புரொஃபசரோ தேவைப்படவில்லை. நம் ஊரிலோ, ஸ்கேன் சென்டர் தெருவுக்கு ஒன்று. பேச்சு சிகிச்சை தெரிந்தவரைத் தேடிப் பக்கத்து மாவட்டத்துக்கு பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

அடுத்தது குடும்பம். 'வேலைவெட்டி இல்லாதவனுக்கு வர்ற வியாதி', 'ஒரு கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்' - இவை நம் வீட்டு மருந்துச்சீட்டுகள். 2000ல் வந்த 'தெனாலி'யில் எதைப் பார்த்தாலும் பயப்படுகிற கமல்ஹாசனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தப் பாத்திரம் போரிலிருந்து தப்பி வந்த ஈழத் தமிழன் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பழமொழி மட்டும் சொல்லத் தெரியும். அவன் ஏன் அரண்டான் என்று கேட்கிற பழமொழி நம்மிடம் இல்லை. தூக்கம் போய் எத்தனை மாதம், வேலை போய்விடும் என்று மிரட்டுகிறார்களா, அப்பா திடீரென்று போனாரா - இதை யார் கேட்டார்கள்?

ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. 'பயப்படாதேன்னு சொல்லி, நிஜமாவே வியாதி இருக்கிறவனை விட்டுட்டா?' கேட்க வேண்டிய கேள்விதான். பதில் ஆச்சரியமானது. நிஜமாக ஏ.எல்.எஸ். வந்தவர்களுக்கு அது இன்னதென்று கண்டுபிடிக்கவே உலகம் முழுக்கச் சராசரியாக ஒரு வருஷம் போல ஆகிறது. காரணம், அது துடிப்பாக வந்து கதவைத் தட்டுவது அபூர்வம். பெரும்பாலும் பலவீனமாக வருகிறது. சட்டைப் பட்டன் போட முடியவில்லை. சாவி திருகவில்லை. ஒரு காலில் மட்டும் செருப்பு நழுவுகிறது. பேச்சு குழறுகிறது. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. வலி இருக்காது. அதனாலேயே 'வயசாச்சு', 'வாயு' என்று தள்ளிப்போடுகிறார்கள். சிலருக்குத் தேவையில்லாமல் முதுகில் ஆபரேஷன்கூட நடந்துவிடுகிறது.

அதாவது, பயப்பட வேண்டாதவன் மூன்று நரம்பு டாக்டரின் வாசலில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறான். போக வேண்டியவர் வீட்டில் செருப்புக்கு வார் மாற்றிக்கொண்டிருக்கிறார். நம் பயம் அளவில் மட்டும் தப்பில்லை, விலாசத்திலும் தப்பு.

ஆகவே, துடிப்பு இருக்கிறவர்களுக்கு: பலம் குறைந்திருக்கிறதா, அதாவது நேற்று செய்த வேலையை இன்று செய்ய முடியவில்லையா? உடனே போங்கள். துடிப்பு மட்டும்தான் என்றால், மனசு ஆறவில்லை என்றால், ஒரு தடவை, ஒரே ஒரு நல்ல டாக்டரிடம் போங்கள். அவர் சுத்தியலால் முழங்காலைத் தட்டி, தசையைப் பிடித்துப் பார்த்து, பலம் சோதித்து, பரவாயில்லை என்றால் அத்தோடு நிறுத்துங்கள். அதற்குப் பிறகும் பயம் போகவில்லை என்றால் பார்க்க வேண்டியது பயத்துக்கான டாக்டரை. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண் அது. தமிழிலும் பேசுகிறார்கள்.

அரசாங்கத்துக்கு: 1954 சட்டத்தைத் தூசி தட்டுங்கள். புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

டாக்டர்களுக்கு: உங்கள் க்யூ நீளம் எனக்குத் தெரியும். அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம்கூடக் கிடைக்காது என்பதும் தெரியும். ஆனாலும் 'ஒண்ணுமில்லை'க்குப் பதில் இப்படிச் சொல்லலாமே: 'உங்களுக்குத் துடிக்கிறது நிஜம். இது இன்னதால வருது. ஆபத்தா இருந்தா இன்னின்ன அறிகுறி இருக்கும், உங்களுக்கு அது இல்லை. சோதிச்சுப் பார்க்கிறதை நிறுத்துங்க, அதுவே துடிப்பை அதிகமாக்கும். பயம்தான் உங்க வியாதி, அதுக்கு வைத்தியம் இருக்கு, இவரைப் போய்ப் பாருங்க.' எண்ணிப் பாருங்கள், ஒரு நிமிஷம்தான் ஆகும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: சிரிக்காதீர்கள். அதற்காக நாற்பது தடவை 'உனக்கு ஒண்ணும் ஆகாது' என்று சத்தியமும் பண்ணாதீர்கள். அது நாற்பது கடல் தண்ணீர். கால் துடிக்கிறது என்று அடுத்த முறை அவன் வந்து நின்றால், காலைப் பார்க்க வேண்டாம். பக்கத்தில் உட்காரவைத்து, 'எத்தனை நாளாப்பா தூங்கலை?' என்று கேளுங்கள்.